இடிந்த பிறகு ஒரு கட்டடம் எங்கே இருக்கிறது? கலையும் கட்டட நினைவும்: ஓர் எளிய அறிமுகம்

ஆம்ஸ்டர்டாம் நகரின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில், அந்நகரின் பழைய நகர மன்றக் கட்டடத்தைக் காட்டும் ஓவியம் ஒன்று இருக்கிறது. வரைந்தவர் பீட்டர் சான்ரெடாம். பூச்சு உதிர்ந்த சுவர்கள், கூர்நுனியை இழந்து மொட்டையாக நிற்கும் கோபுரம், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் பக்கக் கட்டடங்கள் என, பார்த்த உடனே கண்ணைக் கவரும்படி எதுவும் அதில் இல்லை. ஆனால் ஓவியத்துக்குள்ளேயே சான்ரெடாம் ஒரு குறிப்பை எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கட்டடத்தை முதலில் 1641-இல் நேரில் பார்த்து வண்ணங்களோடு வரைந்துகொண்டதாகவும், 1657-இல் அதை ஓவியமாகத் தீட்டியதாகவும் அக்குறிப்பு சொல்கிறது. இடைப்பட்ட 1652-ஆம் ஆண்டில் அந்தக் கட்டடம் தீக்கு இரையாகிவிட்டது. ஆகவே, ஐந்தாண்டுகளாக உலகத்தில் இல்லாத ஒரு கட்டடத்தை, கண்ணெதிரே வெயிலில் நிற்பதுபோல் அவர் தீட்டியிருக்கிறார்.

இன்னொரு செய்தியும் உண்டு. தீ விபத்து நடக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் கட்டடம் தப்பியிருக்காது. அதே இடத்தில் மாபெரும் புதிய நகர மன்றம் எழுப்பும் பணி 1648-இலேயே தொடங்கிவிட்டது. இன்று அரச மாளிகையாக விளங்கும் அந்தப் புதிய கட்டடத்தில் குடியேறிய நகரத் தலைவர்கள், சான்ரெடாமின் ஓவியத்தை 400 கில்டர் கொடுத்து வாங்கித் தங்கள் அறையில் மாட்டிக்கொண்டார்கள். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட கட்டடத்தின் படத்துக்கு அதே நகரம் பணம் கொடுத்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அழிந்த கட்டடங்களும் மாறிக்கொண்டிருக்கும் கட்டடங்களும் கலையின் வழியாக நினைவில் வாழ்வதைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு கட்டடத்தை நினைவில் வைத்திருப்பது என்றால் என்ன? தனி மனிதர் ஒருவர் தாம் வாழ்ந்த வீட்டை நினைத்துப் பார்ப்பது ஒரு வகை. ஒரு நகரமோ ஒரு சமூகமோ சேர்ந்து நினைவில் வைத்திருப்பது மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகையைக் 'கூட்டு நினைவு' என்று பெயரிட்டு விரிவாக ஆராய்ந்தவர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் (1877–1945) என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர். மக்கள் குழுக்கள் தங்கள் நினைவுகளை இடங்களின் மீது ஏற்றிவைக்கின்றன என்றும், சுற்றியுள்ள சுவர்களும் தெருக்களும் பெரிதாக மாறாமல் இருப்பதே நம் நினைவுக்கு ஒரு நிலைத்தன்மையைத் தருகிறது என்றும் அவர் கருதினார். அவர் சொல்வது சரி என்றால், கட்டடம் இடியும்போது அதன்மேல் ஏற்றிவைத்த நினைவுக்கும் இருக்க இடம் இல்லாமல் போகிறது. ஓவியம், புகைப்படம், சிற்பம், இலக்கியம் ஆகியவை அப்போது அந்த நினைவுக்கு மாற்று இடமாகின்றன.

இங்கே தொடக்கநிலை வாசகர் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கலைஞர் யாரும் கட்டடத்தை முழுதாக எடுத்துச் செல்வதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது, எந்த நேரத்து வெளிச்சத்தில் பார்ப்பது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு படைப்புக்குப் பின்னாலும் ஒரு தேர்வு இருக்கிறது. கட்டடம் நிற்கும்வரை அந்தத் தேர்வு பல பார்வைகளில் ஒன்றுதான். சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். கட்டடம் மறைந்துவிட்டால், ஒப்பிட வேறு எதுவும் இல்லாத நிலையில், அந்தத் தேர்வே கட்டடமாகிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லா எடுத்துக்காட்டுகளையும் இந்த ஒரு கருத்தின் வழியாகவே பார்க்கப்போகிறோம்.

இதற்கு மிகப் பெரிய சான்று போலந்தின் தலைநகரான வார்சா. பெர்னார்டோ பெல்லொட்டோ (1721–1780) என்ற இத்தாலிய ஓவியர், வெனிஸ் நகரக் காட்சிகளுக்குப் பெயர்பெற்ற கனலெட்டோவின் சகோதரி மகன். தாய்மாமனிடமே தொழில் கற்றவர். 1767-இல் வார்சாவுக்கு வந்து, மன்னர் ஸ்தானிஸ்வாவ் அவுகுஸ்த் பொனியாதோவ்ஸ்கியின் ஆதரவில், அந்நகரின் தெருக்களையும் மாளிகைகளையும் தேவாலயங்களையும் பெரிய ஓவியங்களாகத் தீட்டினார். ஜன்னல்களின் எண்ணிக்கை, சுவரின் நிறம், கூரையின் சாய்வு, தெருவில் போகும் வண்டி என அவற்றில் உள்ள நுணுக்கம் வியக்கவைக்கும். மன்னரின் அரண்மனையை அலங்கரிக்கவே அவை வரையப்பட்டன. அவை ஒருநாள் கட்டுமான வேலைக்குப் பயன்படும் என்று மன்னரும் நினைத்திருக்க மாட்டார், ஓவியரும் நினைத்திருக்க மாட்டார்.

இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939-இலேயே வார்சா குண்டுவீச்சில் சேதமடைந்தது. 1944-இல் நகர மக்களின் எழுச்சி ஒடுக்கப்பட்ட பிறகு, ஜெர்மானியப் படைகள் எஞ்சியவற்றைத் திட்டமிட்டு, வெடிவைத்தும் தீவைத்தும் அழித்தன. வரலாற்றுச் சிறப்புமிக்க நகரப் பகுதியில் 85 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோனது. போர் முடிந்ததும் பழைய நகரை மீண்டும் எழுப்ப முடிவெடுத்தவர்களுக்கு மூன்று வகை ஆதாரங்கள் துணைநின்றன: வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையினர் அளந்து வரைந்து காப்பாற்றி வைத்திருந்த வரைபடங்கள், புகைப்படங்கள், மற்றும் பெல்லொட்டோவின் ஓவியங்கள். போரின்போது கொள்ளைபோன அந்த ஓவியங்கள் பின்னர் மீட்கப்பட்டன. இவற்றின் உதவியுடன் மீண்டும் கட்டப்பட்ட பழைய நகரம் 1980-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அரச கோட்டை மட்டும் தாமதமாக, 1971-இல் தொடங்கிய பணியில் எழுப்பப்பட்டது. பெல்லொட்டோவின் ஓவியங்கள் இன்று அங்கேதான் தொங்குகின்றன.

பல கட்டுரைகள் இந்தக் கதையை இந்த இடத்தில், ஓவியம் ஒரு நகரத்தைக் காப்பாற்றியது என்ற பாராட்டோடு முடித்துவிடும். எனக்கு அடுத்த கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. மீண்டும் எழுந்தது எந்த வார்சா? 1939-இல் மக்கள் வாழ்ந்த வார்சாவில் 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் கட்டிய, கூட்டிய, மாற்றியமைத்த பகுதிகள் ஏராளமாக இருந்தன. மீட்டெடுப்பவர்கள் பல இடங்களில் அவற்றை ஒதுக்கிவிட்டு, 18-ஆம் நூற்றாண்டுத் தோற்றத்துக்கே திரும்பினார்கள். பெல்லொட்டோவோ காட்சி சிறப்பாக அமைவதற்காக அளவுகளையும் அலங்காரங்களையும் அங்கங்கே தம் விருப்பப்படி திருத்திக்கொள்ளத் தயங்காதவர். ஆகவே இன்று வார்சாவின் பழைய தெருவில் நடப்பவர், போருக்கு முந்தைய நாள் அங்கே நடந்தவர் பார்த்த தெருவைப் பார்ப்பதில்லை. ஓர் ஓவியர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு தேர்ந்தெடுத்த நகரத்தின் சாயலும் கலந்த ஒன்றையே பார்க்கிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கண்முன் முழு நகரமும் செங்கல் குவியலாகக் கிடக்கும்போது, எந்த ஆண்டின் நகரத்தைத் திரும்பக் கட்டுவது என்று யாராவது தேர்ந்துதானே ஆக வேண்டும்?

பெல்லொட்டோ அழகிய காட்சிகளை மட்டும் வரைந்தவர் அல்லர். வார்சாவுக்கு வருமுன் அவர் நெடுங்காலம் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் இருந்தார். அந்நகரின் புனிதச் சிலுவை தேவாலயம் 1760-இல் பிரஷ்யப் படையின் பீரங்கித் தாக்குதலில் சிதைந்தது. 1765-இல் அதன் பழைய கோபுரமும் சரிந்தது. அவர் அதையும் வரைந்தார். கோபுரத்தின் ஒரு பகுதி மட்டும் செங்குத்தாக நிற்க, அதன் உட்பகுதிகள் வெட்டவெளிச்சமாகத் தெரிய, அடிவாரத்தில் இடிபாடுகள் மலையாகக் குவிந்திருக்க, எறும்பளவு சிறிய தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். முழுமையாக நின்ற கட்டடத்தைக் காட்டும் எந்த ஓவியத்திலும் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது. கட்டடத்தின் சுவர் எவ்வளவு தடிமன், கல்லுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதையெல்லாம் அது விழுந்த பிறகுதான் பார்க்க முடிந்திருக்கிறது.

ஓவியர் அறியாமல் பதிவுசெய்துவிடும் செய்திகளும் உண்டு. கனலெட்டோ வெனிஸ் நகரின் கால்வாயோர மாளிகைகளை வரையும்போது, சுவரில் தண்ணீர் ஏறியிறங்கும் இடத்தில் படிந்த பாசிக் கோட்டையும் சேர்த்தே வரைந்தார். கேமரா அப்ஸ்கியூரா என்ற இருட்டுப்பெட்டிக் கருவியின் துணையோடு அவர் வரைந்த படங்களில் அளவுகள் பெரும்பாலும் துல்லியமாக இருந்ததால், இத்தாலிய அறிவியலாளர்கள் அந்தக் கோட்டை இன்றைய பாசிக் கோட்டோடு ஒப்பிட்டு, 18-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அங்கே நீர்மட்டம் அரை மீட்டருக்கும் மேல் ஏறியிருப்பதைக் கணக்கிட்டார்கள். கட்டடத்தின் அழகைப் பதிவுசெய்ய நினைத்தவர், அந்தக் கட்டடத்துக்கு வரவிருக்கும் ஆபத்தின் அளவுகோலையும் விட்டுச்சென்றிருக்கிறார்.

இதுவரை பார்த்தவை கட்டடம் நிற்கும்போது வரைந்து, பிற்பாடு நினைவானவை. கட்டடம் அழியும் கணத்தையே பிடித்த படைப்புகளும் உண்டு. 1834 அக்டோபர் 16 அன்று இரவு லண்டனில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. கணக்கைக் கீறல்களாகக் குறித்துவைக்க முன்பு பயன்பட்டு, பின்னர் வழக்கொழிந்துபோன மரக் குச்சிகளைப் பிரபுக்கள் அவையின் அடியிலிருந்த உலைகளில் போட்டு எரித்ததுதான் காரணம். தேம்ஸ் நதியருகே திரண்ட கூட்டத்தில் ஒருவராக நின்று பார்த்த ஓவியர் டர்னர், அதைப் பின்னர் இரண்டு பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். கட்டடம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு அவை அநேகமாகப் பயன்படா. வானமும் நீரும் தீயின் நிறமாகிக் கிடக்க, கட்டடம் அதற்குள் கரைந்துவிடுகிறது. டர்னர் காப்பாற்றி வைத்தது நதிக்கரையில் நின்றவர்களின் அனுபவத்தை.

தீயும் போரும் எதிர்பாராதவை. நகரத்தை நவீனமாக்குகிறோம் என்று திட்டமிட்டு இடிப்பது வேறு வகை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில், ஓஸ்மான் என்ற நிர்வாகி பாரிஸின் பழைய குறுகிய தெருக்களை இடித்து, அகன்ற நேர்ச்சாலைகளை அமைத்தார். இடிக்கப்போகும் தெருக்களைப் புகைப்படம் எடுத்துவைக்கும் பொறுப்பை ஷார்ல் மார்வில் என்ற புகைப்படக் கலைஞரிடம் ஒப்படைத்ததும் அதே நகர நிர்வாகம்தான். அவர் 400-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். ஈரம் மின்னும் கற்பாளத் தெரு, நடுவில் ஓடும் சாக்கடைக் கால்வாய், சுவரில் மங்கிய விளம்பர எழுத்து, ஆள் நடமாட்டமே இல்லாத திருப்பம் என்று அந்தப் படங்கள் நம்மை ஏக்கத்தில் ஆழ்த்துகின்றன.

அந்த வெறுமை பெரும்பாலும் கேமராவின் வேலை என்பதை அறிந்துகொண்டால் படம் வேறு விதமாகத் தெரியும். அக்காலத்து ஈரத்தகடு முறையில் படம் பதிய சில நொடிகளாவது ஆகும். அதுவரை அசையாமல் நிற்கும் சுவர் தெளிவாகப் பதியும்; நடந்து போகிற மனிதர் மங்கிய நிழலாவார் அல்லது முற்றிலும் மறைந்துவிடுவார். உண்மையில் அந்தத் தெருக்கள் நெரிசலும் இரைச்சலும் நாற்றமும் நிறைந்தவை. அவற்றை இடிக்க வேண்டும் என்றவர்கள் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. மக்கள் இல்லாத, கல்லும் ஈரமும் மட்டுமே உள்ள பாரிஸ்தான் இன்று 'பழைய பாரிஸ்' என்ற பெயரில் பலர் மனத்தில் இருக்கிறது. பழைய படம் ஒன்றைப் பார்க்கும்போது, யார் எடுக்கச் சொன்னார்கள், எந்தக் கருவியால் எடுத்தார்கள் என்று விசாரிப்பது அதனால்தான் பயனுள்ள பழக்கம்.

மார்விலுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, ஜெர்மனியில் பெர்ண்ட் பெஹெர், ஹில்லா பெஹெர் என்ற தம்பதியர் வேறு வகைக் கட்டடங்களை நோக்கித் திரும்பினார்கள். தண்ணீர்த் தொட்டிகள், ஊதுலைகள், எரிவாயுக் கலங்கள், நிலக்கரிச் சுரங்கங்களின் மேலே நிற்கும் தூக்குக் கோபுரங்கள் என, அழகுக்காக யாரும் கட்டாத, மூடப்பட்டு ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்த தொழிற்சாலை அமைப்புகளை 1959 முதல் பல பத்தாண்டுகள் இருவரும் படமெடுத்தார்கள். எல்லாப் படமும் ஒரே பாணியில் இருக்கும்: மேகம் மூடிய வெள்ளை வானம், நேர்முகக் கோணம், நிழலில்லாத சீரான வெளிச்சம். ஒரே வகைக் கட்டடத்தின் ஒன்பதோ பன்னிரண்டோ படங்களை வரிசை வரிசையாக அடுக்கி ஒரே படைப்பாக மாட்டுவார்கள். ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கும்போது ஒன்றும் தோன்றாது. பன்னிரண்டைச் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனி முகம் இருப்பது தெரியும். 1990-இல் வெனிஸ் பியெனாலே கண்காட்சியில் இந்தப் புகைப்படங்களுக்குச் சிற்பத்துக்கான பரிசு வழங்கப்பட்டது.

கட்டடம் அழிய வேண்டும் என்பதில்லை, அது நின்றுகொண்டே மாறவும் கூடும். க்ளோத் மோனே 1892, 1893 ஆகிய ஆண்டுகளில் பிரான்ஸின் ரூவான் பேராலயத்தின் முகப்பை முப்பதுக்கும் மேற்பட்ட முறை தீட்டினார். காலைப் பனி, நண்பகல், மாலை மங்கல் என்று வெளிச்சம் மாற மாற, ஒரே கல் நீலமாகவும் பொன்னாகவும் சாம்பலாகவும் ஆகிறது. கட்டடம் என்பது நிலையான பொருள் என்ற நம் எண்ணத்தை இந்த வரிசை அசைத்துப் பார்க்கிறது.

முகப்பைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் மனிதர்களின் தனிப்பட்ட நினைவு பெரும்பாலும் முகப்பில் இருப்பதில்லை. அறைகளில், மாடிப்படியின் திருப்பத்தில், கதவின் கைப்பிடியில் இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சிற்பிகள் சிலர் இந்த உட்புறத்தை நோக்கிப் போனார்கள். அவர்களில் பிரிட்டனைச் சேர்ந்த ரேச்சல் வைட்ரீட் செய்த 'வீடு' என்ற படைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

கிழக்கு லண்டனில் ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, எஞ்சிய ஒரு வீட்டை வைட்ரீட் எடுத்துக்கொண்டார். அதன் உட்சுவர்கள் முழுவதும் கான்கிரீட்டைத் தெளித்துப் படியவைத்தார்கள். அது இறுகிய பிறகு வெளியிலிருந்து செங்கற்சுவர்களை உரித்தெடுத்தார்கள். அதாவது வீட்டையே ஓர் அச்சாகப் பயன்படுத்தி, உள்ளே இருந்த வெற்றிடத்தை வார்த்தெடுத்துவிட்டு, அச்சை உடைத்து எறிந்துவிட்டார்கள். 1993 அக்டோபரில் பணி முடிந்தபோது நின்றது, மூன்று மாடி உயரமுள்ள சாம்பல் நிறத் திண்மம். கணப்பு அடுப்புகளின் குழிகள் வெளிப்பக்கம் புடைத்துக்கொண்டிருந்தன. ஜன்னல்களும் கதவுகளும் தங்கள் சட்டங்களின் பதிவை மட்டும் விட்டுவைத்து அடைபட்டிருந்தன. மனிதர்கள் நடமாடிய காற்றுவெளி யாரும் நுழைய முடியாத கல்லாகிவிட்டது. குடும்பங்கள் நெடுங்காலம் சுவாசித்த இடத்தை வெளியே நின்று, சுற்றிவந்து பார்க்கும்படி ஆனது.

அது எந்தப் பெரிய மனிதரும் வாழ்ந்த வீடு அல்ல. நினைவுச்சின்னம் என்றால் வெற்றிக்கோ தலைவருக்கோ எழுப்புவது என்ற வழக்கத்தை அந்தப் படைப்பு திருப்பிப் போட்டது. அதனாலேயே கடுமையான சண்டையும் மூண்டது. 1993 நவம்பரில் வைட்ரீட்டுக்கு, பிரிட்டனின் புகழ்பெற்ற கலைப் பரிசான டர்னர் பரிசு கிடைத்தது. அதே நாளில் உள்ளூர் மன்றம் அந்தச் சிற்பத்தை இடிக்க வாக்களித்தது. 1994 ஜனவரி 11 அன்று அது இடிக்கப்பட்டது. இடிந்த வீட்டின் நினைவாக நின்ற சிற்பமும் இடிந்துபோய், இன்று புகைப்படங்களாகவும் எழுத்தாகவும் மட்டுமே இருக்கிறது. நினைவைத் தாங்கும் பொருளும் ஒரு பொருள்தான் என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்லும் படைப்பு இல்லை என்றே நினைக்கிறேன்.

கொரியாவில் பிறந்த டோ ஹோ சு இதே உட்புறத்தை நேரெதிர்ப் பொருளால் அணுகினார். கான்கிரீட்டுக்குப் பதில் மெல்லிய துணி. தாம் வளர்ந்த பாரம்பரியக் கொரிய வீட்டை, உண்மையான அளவிலேயே, ஒளி ஊடுருவும் பட்டுத்துணியில் தைத்து 1999-இல் கண்காட்சியில் தொங்கவிட்டார். அந்தப் படைப்பின் தலைப்பில் சோல், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் என்று அது காட்சிக்கு வைக்கப்படும் ஊர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. மடித்து எடுத்துச் செல்லக்கூடிய வீடு அது. பின்னர் நியூயார்க்கில் தாம் நெடுநாள் குடியிருந்த அடுக்ககத்தை விட்டு வெளியேறும் நேரத்தில், சுவர், மின்விசைப் பொத்தான், குழாய், கதவுத் தாழ்ப்பாள் உட்பட எல்லாவற்றின் மேலும் காகிதத்தை ஒட்டி, வண்ணப் பென்சிலால் தேய்த்துத் தேய்த்துப் பதிவெடுத்தார். கண்ணால் பார்த்து வரைவதைவிட விரலால் தடவி அறிவது நெருக்கமானது என்பதை அந்தக் காகிதங்கள் காட்டுகின்றன.

அமெரிக்கரான கார்டன் மட்டா-கிளார்க் கட்டடக்கலை பயின்றவர். ஆனால் அவர் கட்டியதைவிட அறுத்ததே அதிகம். 1974-இல் இடிக்கப்படவிருந்த ஒரு வீட்டை நடுவே இரண்டாகப் பிளந்தார். அடுத்த ஆண்டு பாரிஸில், பொம்பிது கலை மையம் எழுந்துகொண்டிருந்த இடத்தின் அருகே, இடிக்கப்படவிருந்த இரண்டு 17-ஆம் நூற்றாண்டு வீடுகளில் கூம்பு வடிவில் ஒரு பெரிய துளையைக் குடைந்தார். அதன் வழியாகப் பழைய சுவர்த்தாள்களும் உத்தரங்களும் தெருவில் போவோருக்குத் தெரிந்தன.

இன்னும் அழியாத கட்டடத்தை அழிந்ததாகக் கற்பனை செய்த ஓவியர்களையும் ஒரு வரி சொல்லிவிட்டுப் போகலாம். 1830-இல் ஜோசப் காண்டி, கட்டடக்கலைஞர் ஜான் சோன் வடிவமைத்த இங்கிலாந்து வங்கிக் கட்டடத்தைக் கூரை பிய்ந்த இடிபாடுபோல மேலிருந்து பார்க்கும் கோணத்தில் வரைந்தார். தம் கட்டடம் ரோமானிய இடிபாடுகள்போல் மதிக்கப்பட வேண்டும் என்ற சோனின் பெருமிதம் அதில் இருந்தது. சோனின் கட்டடத்தின் பெரும்பகுதி 1920-களிலும் 30-களிலும் வங்கியை விரிவாக்குவதற்காக உண்மையாகவே இடிக்கப்பட்டுவிட்டது. காலம் மெதுவாகச் சிதைக்கும் என்று ஓவியம் நினைத்தது. இடப் பற்றாக்குறை முந்திக்கொண்டது.

கலை வளர்க்கும் நினைவு எப்போதும் நல்லதையே செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. பெர்லின் நகரின் அரச மாளிகை போரில் சேதமடைந்து, 1950-இல் கிழக்கு ஜெர்மானிய அரசால் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதே இடத்தில் 1976-இல் 'குடியரசு மாளிகை' திறக்கப்பட்டது. நாடாளுமன்றம், அரங்குகள், உணவகங்கள், பந்துருட்டு விளையாட்டுக் கூடம் எல்லாம் அடங்கிய அந்தக் கட்டடத்தில் கிழக்கு பெர்லின் மக்கள் பலருக்குத் திருமண விருந்துகளும் நடன மாலைகளுமாக நினைவுகள் சேர்ந்திருந்தன. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) மாசு காரணமாக அது மூடிக்கிடந்தது. 1993-இல், பழைய அரச மாளிகையை மீட்க விரும்பியவர்கள் அந்த இடத்தில் பெரும் சாரம் கட்டி, மாளிகையின் முகப்பை உண்மையான அளவில் துணியில் தீட்டித் தொங்கவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளாக இல்லாத கட்டடம் திடீரென்று தெருவோரத்தில் நின்றது. அதுவரை அக்கறையில்லாமல் இருந்த பலர் அதைப் பார்த்து மனம் மாறினார்கள்.

2002-இல் ஜெர்மானிய நாடாளுமன்றம் அரச மாளிகையின் பழைய முகப்புகளோடு புதிய கட்டடம் எழுப்பத் தீர்மானித்தது. குடியரசு மாளிகை 2006 முதல் 2008 வரை படிப்படியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்குச் சற்று முன், 2005-இல், நார்வேயைச் சேர்ந்த லார்ஸ் ராம்பெர்க் என்ற கலைஞர் அதன் கூரைமேல் 'சந்தேகம்' என்ற பொருள்படும் ஜெர்மானியச் சொல்லைப் பெரிய ஒளியெழுத்துகளில் நிறுவியிருந்தார். ஒரு கலைப்படைப்பு அரச மாளிகைக்காகப் பேசியது, இன்னொன்று அந்த அவசரத்தைக் கேள்வி கேட்டது. வென்றது துணியில் தீட்டிய முகப்பு. ஒரு தலைமுறையின் நினைவுக்கு இடம்கொடுக்க மற்றொரு தலைமுறையின் நினைவு அகற்றப்பட்டது என்று இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

கடைசியாக இலக்கியம். பாரிஸின் நோத்ர் தாம் பேராலயம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனிப்பாரின்றிச் சிதைந்துகிடந்தது. 1831-இல் விக்டர் ஹ்யூகோ அதையே மையமாக வைத்து எழுதிய நாவல் மக்களின் கவனத்தைத் திருப்பியது. 1844-இல் சீரமைப்பு தொடங்கியது. அதை முன்னின்று நடத்திய வியோலே-ல-டுக், பழுதுபார்த்ததோடு நிற்கவில்லை. கூர்நுனிக் கோபுரம் ஒன்றைப் புதிதாக எழுப்பினார். கோபுர மாடத்தில் கன்னத்தில் கைவைத்து நகரைப் பார்க்கும் கொம்புள்ள பூதம் உள்ளிட்ட விசித்திர உருவங்களையும் சேர்த்தார். ஷார்ல் மெரியோன் என்ற கலைஞர் 1853-இல் அந்தப் பூதத்தைச் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிட்டார். அது பாரிஸின் அடையாளச் சித்திரங்களில் ஒன்றாகிவிட்டது. இன்றும் பலர் அந்த உருவத்தை நடுக்காலச் சிற்பிகள் செதுக்கியது என்றே நம்புகிறார்கள். மக்கள் மனத்தில் உள்ள நடுக்கால நோத்ர் தாமில், நாவலும் பொறிப்புச் சித்திரமும் சீரமைப்பாளரின் கற்பனையும் சேர்த்த பங்கு சிறியதல்ல.

2019 ஏப்ரல் 15 அன்று அந்தக் கூர்நுனிக் கோபுரமும் கூரையும் எரிந்து விழுந்தன. இம்முறை மீட்பவர்களின் கையில் ஓவியத்தை விடத் துல்லியமான ஆதாரம் இருந்தது. ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் 2010-இல் லேசர் கருவியால் பேராலயத்தை உள்ளும் புறமும் அளந்து, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாகப் பதிவுசெய்திருந்தார். ஒவ்வொரு தூணும் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதுவரை அந்தப் பதிவில் இருந்தது. ஆனால் எதைக் கட்டுவது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. நவீன வடிவில் புதிய கோபுரம் அமைக்கலாம் என்று சிலர் முன்வந்தார்கள். எரிந்ததை அப்படியே கட்ட வேண்டும் என்று சிலர் வாதாடினார்கள். நடுக்காலக் கட்டடத்தின் மேல் 19-ஆம் நூற்றாண்டில் ஏற்றிய கற்பனையை, 21-ஆம் நூற்றாண்டில் மூலப் பொருள்போல் கருதி அப்படியே மீட்பது என்று 2020-இல் முடிவானது. பேராலயம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதே மாதத்தில், தீயில் சேதமடையாத வியோலே-ல-டுக் காலத்து வண்ணக்கண்ணாடி ஜன்னல்கள் சிலவற்றை எடுத்துவிட்டு, இக்காலக் கலைஞர் ஒருவரின் ஜன்னல்களை வைக்கும் திட்டத்துக்குக் க்ளேர் டபூரே என்ற ஓவியர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதை எதிர்த்தவர்கள் காக்க விரும்பியது 19-ஆம் நூற்றாண்டின் ஜன்னல்களை. அவையும் ஒரு காலத்தில் புதிதாக வைக்கப்பட்டவையே.